டிரைவர், சப்ளை, பொறியாளர் பிரிவு என்று துப்பாக்கி பிடித்துச் சண்டை போடாத ராணுவத்தினரையும் போர்வீரர் என்று சொல்லலாமா?

சொல்லலாம். கேள்வியில் "டிரைவர், சப்ளை, பொறியாளர் பிரிவு" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார், யாரோ அவரை மட்டம் தட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என் மாமனாருக்கு அது அவர் காரியத்தன்றே நடந்தது. பந்தலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே ஒரு சொந்தக்காரர், "அவரு பாலம் போடுற ஆளுதான, சண்டைக்கெல்லாம் போகலையே" என்றார். துக்க வீடு என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மண்டபத்துக்குப் பக்கம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது எல்லோருக்கும் தெரியும். மாமாவின் அப்பாவுக்கு இருந்த ஒரே வத்தைப் படகும் வலையும் அதில்தான் போயின. வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கச்சிகள் வேறு. "சம்பளத்துக்குத்தான் போனேன்" என்று மாமாவே சொல்வார். அதனால் நாட்டுப்பற்று இல்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பெங்களூரில் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பயிற்சி எடுத்தார். மாதாமாதம் மணியார்டர் வந்தது, தங்கச்சிகள் கல்யாணம் நடந்தது, தன் கல்யாணத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டார்.

1971இல் அவர் இருந்தது மேற்கு எல்லையில், சகர்கர் பகுதியில். டிசம்பர் 15 ராத்திரி காலாட்படை பசந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையைப் பிடித்துவிட்டது. டாங்கிகள் போக வேண்டுமென்றால் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வழி எடுத்துக் கொடுக்க வேண்டும். அது சாப்பர்ஸ் வேலை. மண்ணோடு மண்ணாகப் படுத்து, கம்பியைச் சாய்த்து மெல்லக் குத்திக் குத்திப் பார்ப்பது, சரியான இடத்துக்கு வெள்ளை நாடா கட்டுவது. அவ்வளவு நேரமும் குண்டு விழுந்துகொண்டிருக்கும். திருப்பிச் சுடக் கை ஒழியாது, துப்பாக்கி முதுகில் கிடக்கும். வேலை பாதியில் இருக்கும்போதே, எதிரி டாங்கிகள் திரளுகின்றன என்று அக்கரையிலிருந்து தகவல். பூனா ஹார்ஸ் என்ற நம் படைப்பிரிவின் டாங்கிகள் காத்திருக்காமல் அந்த அரைகுறை வழியிலேயே புகுந்து போயின. மறுநாள் அங்கேதான் 21 வயது அருண் கேத்ரபால் கடைசிவரை டாங்கியை விட்டு இறங்காமல் சண்டையிட்டு உயிரை விட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தப் பையன் பெயரைச் சொன்னால் மாமா எழுந்து நின்றுவிடுவார். அப்புறம், "ஆத்தா, அவுக போன வழிய எடுத்தது யாருன்னு மட்டும் ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்பார். டாங்கிக்காரர்களின் வீரத்தைக் குறைக்க இதை எழுதவில்லை. பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள்.

ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர், படையில் செய்த வேலையை வீட்டிலும் விடவில்லை. கக்கூஸ் குழி தோண்டியபோது பேரப்பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று நான்கு பக்கமும் கம்பு நட்டு வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினார். கல்யாணத்துக்குப் பந்தக்கால் தூக்கினாலும் இந்தியில்தான் கட்டளை. ராணுவம் துண்டு துண்டாகக் கோத்துக் கட்டும் பெய்லி பாலத்தின் ஒரு பேனலை ஆறு பேர் தூக்குவார்களாம். ஒருத்தன் முந்தினால் மற்றவன் கால் போச்சு என்று, பீரோ நகர்த்தும்போது என் வீட்டுக்காரரை அதட்டுவார். விடியற்காலை நாலரைக்கு ரேடியோவை அலறவிடுவார். அதற்காக நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், மாமனார் புகழ் பாடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் குடிதண்ணீருக்குக் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் உப்பு. மேலாக ஊறுவதைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். அத்தைக்கு இடுப்புவலி என்று மாமாவே குடம் எடுத்துப் போவார். பொம்பளைங்க வரிசையில் மீசை வைத்த ஒரே ஆள். ஊரே சிரித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்குக் குழாய் வந்துவிட்டது, தண்ணீர்தான் வருவதில்லை. டிராக்டர்காரரிடம் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். தேர்தலுக்குத் தேர்தல் இதே வாக்குறுதி, ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கையில் மட்டும் பாட்டில் தண்ணீர். சரி, கேள்வி அதுவல்ல.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் படையை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருடம், என்னென்ன பதக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். 1971இல் மேற்கு முனையில் இருந்தவர் என்றால் பஸ்சிமி ஸ்டார், கிழக்கு என்றால் பூர்வி ஸ்டார். லாரி ஓட்டியவருக்கும் அதே ஸ்டார்தான், சுட்டவருக்கும் அதே ஸ்டார்தான். மட்டம் தட்டியவர் முன்னால் அந்தப் பக்கத்தைப் பிரித்து வையுங்கள். அவர் என்ன சொன்னார் என்று கீழே எழுதினால் எனக்கும் திருப்தியாக இருக்கும்.