ஜூரிக்குச் சட்டம் தெரிய வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். மகன் பென்சில்வேனியாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். குடியுரிமை வாங்கிவிட்டான். இப்போது ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவனாக, வரச்சொல்லி நீதிமன்றத்திலிருந்து அவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. சட்டம் படித்த நீதிபதி இருக்கும்போது இவன் எதற்கு? நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதானா இதுவும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டத்தை நீதிபதி விளக்கிவிடுவார். உங்கள் மகன் முடிவு செய்ய வேண்டியது, நடந்தது என்ன, சாட்சி சொல்வதை நம்பலாமா என்பதை மட்டும்தான். கடனுக்குச் சரக்குக் கேட்பவரை நம்பலாமா என்று ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் தினமும் முடிவு செய்கிறாரே, அந்த மாதிரி அறிவு போதும்.

ஆனால் முக்கியக் காரணம் வேறு. ஜூரிக்குப் பதவி உயர்வும் இல்லை, இடமாற்றமும் இல்லை. அதனால் அரசாங்கத்தால் அவரை வளைப்பது கடினம். 1670இல் லண்டனில் வில்லியம் பென் என்பவர் தெருவில் பிரசங்கம் செய்தார் என்று வழக்கு. குற்றவாளி என்று சொல்ல ஜூரிகள் மறுத்தார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்துவைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. அபராதம் போட்டார்கள். புஷெல் என்ற ஜூரி அதையும் கட்டாமல் சிறைக்குப் போனார். கடைசியில், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி வான் அவரை விடுவித்தார். அந்தப் பென் பிற்பாடு உண்டாக்கிய ஊரில்தான் உங்கள் மகன் இருக்கிறான்!

பஞ்சாயத்து என்கிறீர்கள். நம் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவருக்கு இரண்டு பக்கமும் பங்காளி, மாமன் மச்சான். யார் திண்ணையில் உட்காருவது, யார் கைகட்டி நிற்பது என்பதும் பிறப்பிலேயே முடிவானது. இங்கிலாந்தின் ஆரம்பகால ஜூரிகளும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். இன்றைக்கோ வழக்காடுபவரைத் தெரியும் என்றாலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நம்மிடமும் ஜூரி இருந்தது. பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நம் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். ஜூரி குற்றவாளிகள் என்று சொன்ன நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் லண்டனில் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல்தான் வெளியே வந்தார்கள். மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை 1959இல் ஒன்பதில் எட்டு ஜூரிகள் நிரபராதி என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்பார்கள். ஆனால் சட்ட ஆணையம் 1958லேயே ஜூரி வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

திரும்பக் கொண்டுவரலாமா என்றால், வேண்டாம் என்பேன். இங்கே ஜூரி அமைத்தால் வக்கீல்கள் முதலில் விசாரிப்பது ஒவ்வொருவரும் என்ன சாதி என்றுதான்.

அப்புறம், மகனைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போனில் வழக்கைப் பற்றி நோண்டாதீர்கள். முடியும்வரை அப்பாவிடம்கூட அவன் வாய் திறக்கக் கூடாது.