நரிக்குட்டி காதை உதறவில்லை

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை என் ஏழு வயது மகனை ஒரு அனிமேஷன் படத்துக்குக் கூட்டிப் போனேன். இருண்டுபோன காட்டுக்கு வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு நரிக்குட்டியும் முயலும் கிழட்டுக் கரடியும் கிளம்புகிற கதை. நடுவில் கரடியை ஆறு அடித்துக்கொண்டு போய்விடுகிறது, நரிக்குட்டி ராத்திரி முழுக்க மழையில் கரையிலேயே நிற்கிறது. கடைசியில் ஆந்தை வந்து நட்புதான் பெரிய பலம் என்று எல்லோருக்கும் சொல்கிறது. அருமையான கருத்து. வெளியே வந்ததும், "படத்துல இருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று மகனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நரிக்குட்டி காதை உதறவே இல்லம்மா" என்றான். திருப்பித் திருப்பிக் கேட்டும் அதையேதான் சொன்னான், அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டான். அவனுக்குக் கவனம் போதவில்லையா? மிருகங்கள் பேசுகிற இந்த மாதிரிக் கற்பனைப் படங்கள் குழந்தைகளுக்கு நல்லதுதானா? எந்த வயதில் காட்டலாம்?

ர.

அன்புள்ள ர.,

படத்தின் பெயரைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன், இது அந்த ஒரு படத்தைப் பற்றிய பேச்சு இல்லை என்பதால். நானும் அதைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து அந்த ஆற்றங்கரைக் காட்சி என்னை விடவில்லை, அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

எந்த வயதில் காட்டலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் மகனை உங்களுக்குத்தான் தெரியும். பயந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மிருகம் பேசுவது பற்றிக் கவலையே வேண்டாம். பூனை பேசாது என்று குழந்தைக்கு நன்றாகவே தெரியும், தெரிந்துதான் அது தன் பூனையைப் பேச வைக்கிறது.

ஆனால் கவனம் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்களே, அதை அப்படி விட முடியவில்லை. நனைந்த நாயைப் பார்த்திருப்பீர்கள். கரையேறியதும் அது முதலில் செய்கிற காரியம் உடம்பை உதறுவதுதான், தலையில் தொடங்கி வால் வரைக்கும். நரியும் அப்படித்தான். இந்த நரிக்குட்டியோ கொட்டுகிற மழையில் இரண்டு காதையும் ஆற்றுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தண்ணீர் காதோரம் வழிய வழிய, அசையாமல் நிற்கிறது. உதறினால் அந்த ஒரு நொடி எதுவும் கேட்காது, அந்த நொடியில் கரடி கூப்பிட்டுவிட்டால்? இதை யாரும் வசனமாகச் சொல்லவில்லை. அனிமேஷனில் எதுவும் தற்செயலாக நடக்காது, மழைத்துளிகூட யாரோ தீர்மானித்து விழவேண்டியது. உதறக்கூடாது என்று அந்தக் காட்சியை வரைந்தவர் யாரோ முடிவெடுத்திருக்கிறார். அதை உங்கள் மகன் கண்டுபிடித்திருக்கிறான். எனக்கு அது தெரியவில்லை. நரி பாவமாக நிற்கிறது என்று மட்டும்தான் நான் பார்த்தேன், உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது ஏன் அப்படி நின்றது என்று புரிந்தது. இந்தப் பையனுக்கா கவனம் போதவில்லை? அவனைப் போய்த் திருப்பித் திருப்பிக் கேட்டு அழவைத்திருக்கிறீர்கள்.

ஏன் கேட்டீர்கள்? கோபமாகத்தான் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "என்ன கத்துக்கிட்ட" என்பது கேள்வியே இல்லை. பதில் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, ஆந்தை கொடுத்துவிட்டுப் போனது. குழந்தை அதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்று பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு தடவை இப்படிக் கேட்டால் போதும், மூன்றாவது படத்தில் அவன் நரியைப் பார்க்க மாட்டான், ஆந்தை எப்போது வரும் என்று காத்திருப்பான்.

ஆந்தை சொல்வதைத்தான் குழந்தைகள் எடுத்துக்கொள்கிறார்களா என்பதே சந்தேகம். குழந்தை வளர்ப்பைப் பற்றி 1762-இல் வந்த 'எமீல்' நூலில் தத்துவஞானி ரூசோ இதற்காகவே பல பக்கங்கள் செலவிட்டிருக்கிறார். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் மிருகக் கதைகளைக் குழந்தைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. காகமும் நரியும் கதையில் புகழ்ச்சிக்கு மயங்காதே என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம், குழந்தையோ காகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நரியை விரும்பிவிடுகிறது என்கிறார். எறும்பின் கதையிலும், பாடிக் களித்த பூச்சி பசியோடு வந்து நிற்கும்போது எறும்பு விரட்டுகிறது, குழந்தை எறும்பின் பக்கம் சேர்ந்துகொள்கிறது. உழைப்பைச் சொல்லிக்கொடுக்கப் போய், கேட்டு வந்தவரை ஏளனம் செய்து அனுப்பச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். இத்தனைக்கும் லா ஃபோந்தேன் அந்தக் கதைக்கு நீதி வரி எதுவும் எழுதவில்லை. எறும்பின் சுடுசொல்லோடு நிறுத்திவிட்டார், மிச்சத்தை ஒட்டவைத்தது நாம். ரூசோ குழந்தைகளைச் சரியாகவே பார்த்திருக்கிறார். அதனால் குழந்தைக்குக் கதையே வேண்டாம் என்று சொன்னாரே, அங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. எடுக்கவேண்டியது கதையை அல்ல, கதைக்குப் பிறகு வருகிற கேள்வியை.

நானும் இதைச் செய்திருக்கிறேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. 1942-இல் வந்த 'பாம்பி' படத்தை அவளுக்குக் காட்டினேன். மான்குட்டியும் தாயும் பனி விலகிய இடத்தில் முளைத்த புல்லை மேய்ந்துகொண்டிருப்பார்கள். தாய் சட்டென்று தலை தூக்கும். ஓடு, திரும்பிப் பார்க்காதே என்று குட்டியைத் துரத்தும். துப்பாக்கிச் சத்தம் கேட்கும். சுட்டவன் கடைசி வரை கண்ணில் படமாட்டான், தாய் விழுவதையும் காட்டமாட்டார்கள். குட்டி ஓடிவந்து சேர்ந்துவிட்ட சந்தோஷத்தோடு திரும்பும், பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். படம் முடிந்ததும் நான் கேட்டது நீங்கள் கேட்ட அதே கேள்வி. அவள் பேசவில்லை. சரி என்று நானே சொல்லிக்கொடுத்தேன், மிருகங்களைக் கொல்லக் கூடாது என்று. அவளும் அப்படியே திருப்பிச் சொன்னாள், எனக்குத் திருப்தி.

அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே போய்விட்டு வந்தால் எனக்கு முன்னால் ஓடுவாள், வாசலைத் தொட்டதும் நின்று திரும்பிப் பார்ப்பாள், நான் வருகிறேனா என்று. நான் பக்கத்தில் வரும்வரை உள்ளே போகமாட்டாள். முன்னால பாத்து ஓடு, விழுந்துடுவ என்று எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். அவள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள் தனியாக அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன், குட்டி திரும்புகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. திரும்பிப் பார்க்காதே என்று படத்தில் அம்மா சொல்கிறாள், என் மகள் பார்த்தே தீருவது என்று முடிவு செய்திருக்கிறாள். படம் அவளுக்குக் கொடுத்தது அது. அதை அவள் தினமும் வாசலில் நின்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அதட்டிக்கொண்டிருந்தேன்.

2024-இல் லாட்வியாவிலிருந்து 'ஃப்ளோ' என்று ஒரு படம் வந்தது. வெள்ளத்தில் ஒரு படகு, அதில் பூனை, நாய், இன்னும் சில பிராணிகள். படம் முழுக்க ஒரு வார்த்தை பேச்சு கிடையாது, அடுத்த வருடம் ஆஸ்கர் வாங்கியது. அதை உங்கள் மகனோடு பாருங்கள். அதில் அறிவுரை சொல்ல யாரும் வரமாட்டார்கள், முடிந்ததும் நீங்களும் வரவேண்டாம்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு குழந்தை சொன்ன வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அன்றைக்கு எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

ஒரு உதவி செய்யுங்கள். விடியும்போது கரடி திரும்பி வருகிறதே, அப்போதாவது நரிக்குட்டி காதை உதறியதா? நான் கரடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்காகக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.