ஹார்மோன் குறையும் வயதில் புரோஸ்டேட் ஏன் பெருக்கிறது?

கேள்வி (பாம்பன், நாட்டுப்படகு மீனவர், வயது 61): ராத்திரியில் நாலைந்து தடவை ஒண்ணுக்குப் போக எழ வேண்டியிருக்கிறது. போனாலும் உடனே வருவதில்லை. உடம்புச் சூடா?

பதில்: சூடு இல்லை அண்ணே. புரோஸ்டேட் சுரப்பி மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக்குழாயைச் சுற்றி இருக்கிறது. வாலிபத்தில் சுமார் 20 கிராம். நாற்பதுக்கு மேல் மெல்லப் பெருத்துக் குழாயை நெருக்கும். ஐம்பதுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது உண்டு, எல்லோருக்கும் தொந்தரவு தராது. டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். இதற்குப் பயந்து படகில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், அந்த வெயிலில் கல்லடைப்புதான் வந்து சேரும். சாயங்காலத்துக்கு மேல் டீயைக் குறைத்தால் போதும்.

கேள்வி (தொண்டி): வயதானால் ஆண் ஹார்மோன் குறையும் என்கிறார்கள். அப்போது சுரப்பியும் சுருங்கத்தானே வேண்டும்?

பதில்: யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவது உண்மை. ஆனால் சுரப்பிக்குள்ளேயே 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டிஎச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. சுரப்பியை வளர்ப்பது முக்கியமாக இதுதான். வெளியே வரத்து குறைந்தாலும் உள்ளே டிஎச்டி பெரிதாகக் குறைவதில்லை. ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் இறங்க இறங்க அதன் பங்கு கூடுகிறது, அதுவும் வளர்ச்சியைத் தூண்டும் என்று கருதுகிறார்கள். பிறவியிலேயே அந்த நொதி குறைந்தவர்களுக்குச் சுரப்பி கடைசிவரை சிறிதாகவே இருக்கும். டொமினிகன் குடியரசில் அப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி 1974-இல் எழுதினார்கள். அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கேள்வி (கீழக்கரை): வாப்பாவுக்கு டாம்சுலோசின், ஃபினாஸ்டரைடு இரண்டும் எழுதியிருக்கிறார்கள். ஒன்று போதாதா?

பதில்: இரண்டுக்கும் வேலை வேறு தம்பி. டாம்சுலோசின் சுரப்பியிலும் மூத்திரப்பையின் வாயிலும் உள்ள தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே குணம் தெரியும். தலை சுற்றலாம், படுக்கையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். கண்புரை ஆபரேஷன் என்றால் இந்த மாத்திரையைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். ஃபினாஸ்டரைடு சுரப்பியைச் சுருக்கும், அதற்கு ஆறு மாதமாவது பொறுக்கணும். புரோஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் அளவைப் பாதியாகக் காட்டும் என்பதால் டாக்டருக்கு இதுவும் தெரிய வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், உடைந்த மாத்திரையை அவர் தொட வேண்டாம்.

கேள்வி (தேவிபட்டினம்): இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுமா?

பதில்: மாறாது. ஆனால் இரண்டும் ஒருவருக்கே வரலாம், அதனால்தான் சோதிக்கிறார்கள்.

கேள்வி (மண்டபம்): அப்பா கடையில் வாங்கிய சளி மாத்திரை போட்ட அன்று இரவே மூத்திரம் அடைத்து, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்தார்கள். சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். சளி மாத்திரை பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும், மூத்திரப்பை சுருங்கும் பலத்தை அது குறைக்கும். சிலவற்றில் உள்ள சூடோஎஃபெட்ரின், பையின் வாயை இறுக்கும். புரோஸ்டேட் தொந்தரவு உண்டு என்று மருந்துக்கடையில் முதலிலேயே சொல்லிவிடணும். அப்புறம், முழுக்க அடைத்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். கடலில் இருந்தால் வலையை ஏற்றிக்கொண்டு உடனே கரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.