ஃபைபர் வள்ளத்தின் டிரான்சம் (இஞ்சின் மாட்டும் பின்பலகை) உளுத்துவிட்டது. மறுபடி பலகையே வைக்கலாமா, ஃபோம் போர்டு வைக்கலாமா?

குமரி மாவட்டம் நீரோடிப் பக்கத்து ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, இஞ்சினை உயர்த்தினால் அமரத்தில், அதாவது பின்முனையில், பலகை ஆடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோர் என்பது இரு ஃபைபர் தோல்களுக்கு நடுவே வைக்கும் பலகை அல்லது போர்டு; தகுந்ததாக இருந்தால் எதை வைத்தாலும் நிற்கும். போல்ட் ஓட்டையை அடைக்காவிட்டால் எந்த கோரும் நிற்காது. பழைய பிளைவுட் உளுத்ததும் அந்த வழியாகத்தான். இஞ்சின் போல்ட், தண்ணீர் வடியும் ஓட்டை, மேல் விளிம்பு, இந்த மூன்றிலும் வெட்டிய மரத்தை அப்படியே விட்டிருப்பார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை.

பிரிப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள். உள்பக்கம் கீழ் மூலைகளில் 6 மி.மீ. துரப்பணத்தால் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்த ஈரச் சகதி வந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடாதீர்கள், முழுதாக எடுத்துவிடுங்கள்.

கோர் விஷயம். நல்ல பிசினில் முழுக்க நனைத்து மூடினால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் இன்றும் தகுதியானதுதான், விலையும் குறைவு. அழுகாத பொருள் வேண்டுமென்றால் கண்ணாடி நார் கலந்த பாலியூரித்தேன் போர்டு (கூசா வகை), அல்லது அடர்த்தி கூடிய பி.வி.சி. ஃபோம். இங்கே பார்க்க வேண்டியது அடர்த்தி மட்டுமே. டிரான்சத்துக்குக் கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாத போர்டு எடுங்கள். பி.வி.சி. ஃபோம் என்றால் 200 கிலோவுக்குக் கீழே வேண்டாம், அதிலும் இஞ்சின் கிளாம்ப் கடிக்கும் இடத்தில் கெட்டியான துண்டைப் பதித்தாக வேண்டும். 80 கிலோ ஃபோம் தளத்துக்குச் சரி, கிளாம்ப் திருகு அதை நசுக்கிவிடும். மீன் பெட்டியில் அடைக்கும் ஃபோம் இதற்கு ஆகவே ஆகாது. தெர்மாகோல் பாலியஸ்டர் பிசின் பட்டதுமே கரைந்துவிடும். எடையைக் கணக்குப் போட்டால், 1.2 மீட்டர் அகலம், 60 செ.மீ. உயரம், 36 மி.மீ. கனத்துக்கு பிளைவுட் சுமார் 17 கிலோ, போர்டு 8 கிலோ. இந்த அளவு வள்ளத்தில் அந்த 9 கிலோவுக்காக மாற்ற வேண்டியதில்லை. அழுகாது என்பதற்காக மாற்றுங்கள்.

வெட்டுமுன் வள்ளத்தை அடியிலும் இரு பக்கத்திலும் அசையாமல் முட்டுக் கொடுங்கள். டிரான்சத்தை எடுத்ததும் பக்கங்கள் விரிந்துவிடும், அப்படியே ஒட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். அட்டையில் வடிவம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கனத்தையும் இஞ்சின் கிளாம்பின் திறப்பையும் இப்போதே அளந்து ஒப்பிடுங்கள். உள்தோலைத்தான் எடுக்க வேண்டும், ஜெல்கோட் (பளபளப்பான வெளிப்பூச்சு) உள்ள வெளித்தோல் அச்சாக இருந்து வடிவத்தைக் காக்கும்.

மரத்தைச் சுரண்டியபின் வெளித்தோலின் உள்முகத்தை 36 அல்லது 40 நம்பர் வட்டால் பளபளப்பு முழுதும் போகத் தேயுங்கள். பக்கங்களிலும் அடியிலும் 15 செ.மீ. வரை தேய்க்க வேண்டும், ஏனென்றால் புது மேட் (கண்ணாடி நார் விரிப்பு) அங்கே ஏறிப் பிடிக்கப் போகிறது. அசிட்டோனால் துடைத்து, அது பறந்தபின் வேலையைத் தொடங்குங்கள். பழைய பாலியஸ்டர்மேல் புதியது வெறும் ஒட்டாகத்தான் நிற்கும், ஆகவே முதல் அடுக்குக்கும் கோரைப் பதிக்கும் புட்டிக்கும் மட்டுமாவது வினைல் எஸ்டர் பிசின் வாங்குங்கள். மற்ற அடுக்குகளுக்கு ஐசோ பாலியஸ்டர் போதும்.

அதிகம் கெடுவது கோரைப் பதிக்கும் கட்டத்தில்தான். கோர் போர்டைச் சுற்றிலும் 6 மி.மீ. இடைவெளி வரும்படி வெட்டுங்கள். 15 செ.மீ.க்கு ஒன்றாக 4 மி.மீ. ஓட்டை போடுங்கள், காற்று அதன் வழியாக வெளியேறும். இல்லாவிட்டால் பின்னால் காற்றுப்பை நின்று, ஒரு பருவம் கழித்து அங்கேதான் பிரியும். வெளித்தோலில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்றை நனைத்து ஒட்டி, அதன்மேல் பல்லுள்ள கரண்டியால் புட்டி இழுத்து, பிசின் பூசிய போர்டை அழுத்துங்கள். எல்லா ஓட்டையிலும் புட்டி பிதுங்கி வர வேண்டும். பழைய இஞ்சின் ஓட்டைகளில் மெழுகு தடவிய போல்ட் போட்டு, குறுக்குக் கட்டை வைத்து இறுக்குங்கள். ரொம்ப முறுக்கினால் புட்டி முழுதும் வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். புட்டி என்றால் பிசினில் சிலிகாப் பொடியும் நறுக்கிய நாரும் கலந்தது. காருக்குப் பூசும் டால்க் புட்டி தண்ணீர் குடிக்கும். 18 மி.மீ. போர்டு இரண்டை ஒரே நாளில் ஒட்டாதீர்கள், முதல் சூடு ஆறட்டும்.

ஹார்ட்னர் பிசினின் எடையில் 1 சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 கிராம். வெயிலுக்குப் பயந்து அதற்கும் குறைத்தால் பிசின் முழுதாக இறுகாது. விடியற்காலையிலோ பந்தல் நிழலிலோ வேலை செய்யுங்கள். ஆனி, ஆடி மழையில் ஈரக் காற்று அடிக்கும் நாளில் தொடங்கவே வேண்டாம். கோபால்ட்டை (பிசினை விரைவாக இறுகவைக்கும் திரவம்) ஹார்ட்னரோடு நேரடியாக ஒருபோதும் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டைப் பிசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர். முகமூடி ரசாயன ஆவியைத் தடுக்கும் வகையாக இருக்கட்டும்.

மூலைகளில் 25 மி.மீ. வளைவாகப் புட்டி போட்டபின் உள்தோல்: 450 மேட் நான்கு, நடுநடுவே 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி) மூன்று. விளிம்புகள் ஒரே இடத்தில் முடியாமல் ஒவ்வொன்றும் 2, 3 செ.மீ. தள்ளி முடியட்டும். ஒரு சதுர மீட்டருக்குப் பிசின் சுமார் 6 கிலோ வரும். புட்டி, கோர் பூச்சு, வீணாவது எல்லாம் சேர்த்து 10 கிலோ வாங்குங்கள். கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு சேருங்கள். இடையில் சேர்த்தால் அடுத்த அடுக்கு ஒட்டாது. டிரான்சத்தை அடிக்கட்டையோடு கட்டும் முக்கோண மூட்டுகளையும் மறக்காமல் திரும்ப வையுங்கள். அலையடித்துக் கரையேறும்போது இஞ்சினின் உலுக்கலைத் தாங்குவது அவைதான்.

இனி ஓட்டை. 10 மி.மீ. போல்ட்டுக்கு உள்ளிருந்து 18 மி.மீ. ஓட்டை போட்டு, வெளித்தோலை மட்டும் விட்டு, எபாக்ஸி புட்டியால் நிரப்புங்கள். இறுகியபின் நடுவில் 10 மி.மீ. துளையுங்கள். இப்போது தண்ணீர் கசிந்தாலும் கோரைத் தொடாது, போல்ட் இறுக்கம் ஃபோமை நசுக்கவும் செய்யாது. தண்ணீர் வடியும் ஓட்டைக்கும் இதே முறை. மேல் விளிம்பை மேட் மூன்று மடிப்பால் மூடுங்கள். போல்ட் 316 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), வாஷர் அகலமானது, சீலன்ட் பாலியூரித்தேன். சிலிக்கான் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டோ பிசினோ ஒட்டாது.

கோரை இறுக்கிய போல்ட்டையும் குறுக்குக் கட்டையையும் 24 மணி நேரம் கழித்து எடுங்கள். சின்னச் சுத்தியலால் முழுதும் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்கும் இடத்தில் துளைத்துப் பிசினை ஊசியால் செலுத்தலாம். இஞ்சினை ஏழு நாள் கழித்து மாட்டுங்கள். முதல் நான்கைந்து கடலோட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.