உரிம எண் இருந்தால் போதுமா?

கேள்வி: வாங்க எண்ணியுள்ள மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும் உள்ளன. அது அரசு பரிசோதித்துப் பதிவு செய்த பொருள் என்று நம்பலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து அவ்வாறு நம்ப இயலாது. அது, பொருளைத் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் நிறுவனத்துக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) கீழ் வழங்கப்பட்ட உரிமத்தின் எண்ணே தவிர, உங்கள் கையிலுள்ள டப்பாவைச் சோதித்துத் தந்த சான்று அன்று. விற்பனையாளர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் எண்ணை உள்ளிட்டுத் தேடினால், நிறுவனத்தின் பெயரும் முகவரியும், உரிமம் நடப்பில் உள்ளதா என்பதும், எவ்வகை உணவுகளுக்கு அது வழங்கப்பட்டது என்பதும் தெரியவரும். பெயர் பொருந்தாவிட்டாலோ, ஊறுகாய்க்கும் மசாலாவுக்கும் மட்டுமே பெற்ற உரிமமாக இருந்தாலோ வாங்காதீர்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை போன்ற பொருள்களுக்கான 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற அறிவிப்பு லேபிளில் கட்டாயம் இடம்பெற வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று அதே டப்பாவில் அச்சிட்டிருந்தால், உரிம எண் சரியாகவே இருந்தாலும் அது விதிமீறல்தான். ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் அளிக்கலாம்.