நடந்ததைக் கேட்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் அண்மையில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தேன். ‘அவருக்கு என்ன கோளாறு என்று பார்க்காதே, அவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்’ எனப் பயிற்சியில் சொன்னார்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே எல்லோரிடமும் நடந்ததைக் கேட்டுவிடுகிறேன். குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கு உதவி கேட்டு வந்த ஒரு பெண், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எல்லாவற்றையும் சொல்லி அழுதார். பாரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். அதன்பின் அவர் வரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. நான் எங்கே தவறினேன்? அவர் சொன்னவை இரவில் என் கண்முன் வருகின்றன. இதை வெளியே சொன்னால், இந்தப் பணிக்குத் தகுதியற்றவள் என்று ஆகிவிடுமோ?

க.

அன்புள்ள க.,

அந்தப் பெண் வராததற்கு நாம் அறியாத காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் அவர் கேட்டு வந்தது பள்ளிச் சேர்க்கை. தன் விருப்பத்தை மீறிப் பலவற்றுக்கு உட்பட்டவருக்கு, எதைச் சொல்வது, எப்போது நிறுத்துவது என்பது தன் கையில் இல்லை என்று மீண்டும் தோன்றினால், கேட்டவரின் கனிவு அதை ஈடுசெய்வதில்லை. அவரைத் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். அந்தத் தொலைபேசி இப்போது யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள அவர் வழி சொல்லியிருந்தால், அந்த வழியில் மட்டும், அமைப்பின் பெயரோ வன்முறை பற்றிய பேச்சோ இல்லாமல், ஒரே ஒரு செய்தி போதும்.

பயிற்சியில் நீங்கள் கேட்ட வாக்கியம் பணியாளரின் பார்வைக்காகச் சொல்லப்பட்டது. வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. கையெழுத்திடத் தயங்குகிறவரை, நேரம் தவறுகிறவரை, சிறு தாமதத்துக்கே குரல் உயர்த்துகிறவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று கோப்பில் எழுதிவிடாமல், இந்த நடத்தை ஒரு காலத்தில் அவரைக் காத்த ஒன்றாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதற்கே அது. அப்படி எண்ணுவதற்கு அவருடைய கதை முழுதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2001இல் அமெரிக்க உளவியலாளர்கள் மாக்சின் ஹாரிஸும் ரோஜர் ஃபாலட்டும் இந்த அணுகுமுறையை விளக்கியபோதே, உளக்காயத்துக்கான (கொடிய அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்துக்கான) சிகிச்சை வேறு, உளக்காயத்தைப் புரிந்துகொண்டு நடக்கும் சேவை வேறு என்று பிரித்தார்கள். அமெரிக்க அரசின் மனநல முகமையான சாம்சா 2014இல் நான்கு பொறுப்புகளை வகுத்தது: உளக்காயத்தின் பரவலான பாதிப்பை உணர்தல், அதன் அறிகுறிகளை அடையாளம் காணுதல், அதற்கேற்ப நடைமுறைகளை மாற்றுதல், மீண்டும் காயப்படுத்தாமல் இருத்தல். நடந்ததைச் சொல்ல வைப்பது இந்த நான்கில் இல்லை.

சொல்லி அழுதால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை, எல்லா நேரத்துக்கும் பொருந்துவதில்லை. கொடிய நிகழ்வுக்கு உள்ளானவர்களை உடனே உட்காரவைத்து விரிவாகப் பேசவைக்கும் ஒற்றை அமர்வு முறை, உளக்காயத்துக்குப் பிந்தைய மன அழுத்த நோயைத் (PTSD) தடுப்பதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்ததால், அதைச் செய்ய வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. நினைவுகளுக்குள் செல்லும் சிகிச்சைகள் உண்டு. அவை பலனும் தருகின்றன. பயிற்சி பெற்றவர், முன்தயாரிப்போடும் நோயாளியின் சம்மதத்தோடும், பல அமர்வுகளில் நடத்துபவை அவை. முதல் சந்திப்பில் சமூகப் பணியாளர் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

உங்கள் வேலை அதைவிடச் சிறியதுபோல் தோன்றும், அப்படியல்ல. வருகிறவருக்குக் கதவு தெரியும்படி நாற்காலியைப் போடுங்கள். கதவுக்கும் அவருக்கும் நடுவே நீங்கள் அமராதீர்கள். கதவைச் சாத்தலாமா, திறந்திருக்கட்டுமா என்று அவரையே கேளுங்கள். என்ன எழுதுகிறீர்கள், அதை யார் படிப்பார்கள் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். குழந்தைக்கு ஆபத்து போன்ற எவற்றை நீங்கள் சட்டப்படி வெளியே தெரிவித்தாக வேண்டும் என்பதை, அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பேசிய பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகவே படும். அவராக விவரங்களுக்குள் விரைந்து செல்லும்போதும், ‘இன்று எவ்வளவு சொல்ல விரும்புகிறீர்களோ அவ்வளவு போதும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்று இடையில் சொல்லலாம். கடைசிப் பத்து நிமிடத்தை அவர் கேட்டு வந்த காரியத்துக்கும், இங்கிருந்து அவர் எப்படி வீடு போய்ச் சேர்வார் என்பதற்கும் ஒதுக்குங்கள். சட்டத்துக்கோ மருத்துவத்துக்கோ விவரம் தேவைப்பட்டால், ஒருமுறை கேட்டு, அவர் அனுமதியோடு உரியவர்களுக்குக் கொடுங்கள். வரவேற்பாளர், ஆற்றுப்படுத்துநர், மருத்துவர், வழக்கறிஞர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரே கொடுமையை முதலிலிருந்து சொல்லவைப்பது நிர்வாகத்தின் சோம்பல், வேறொன்றுமில்லை. அவர் சொல்வது முன்பின்னாக இருந்தாலும், தேதிகள் மாறினாலும், உடனே ஐயப்படாதீர்கள்; பேரச்சத்தின் நினைவுகள் பலருக்கு அப்படித் துண்டு துண்டாகத்தான் தங்குகின்றன.

உங்கள் இரவுகளைப் பற்றிக் கேட்டீர்கள். பிறரின் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவர்களின் மனமும் காயப்படுகிறது என்று உளவியலாளர்கள் மெக்கானும் பேர்ல்மனும் 1990இலேயே எழுதினார்கள். பணியின் பொருட்டுக் கொடிய விவரங்களுக்கு மீண்டும் மீண்டும் ஆட்படுவதையும், முன்பு சொன்ன உளக்காயத்துக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்குக் காரணமாகக்கூடிய அனுபவங்களில் ஒன்றாக 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் சேர்த்துக்கொண்டது. உங்களுக்கு அந்நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இது தகுதிக் குறைவல்ல, இந்தப் பணியின் அறியப்பட்ட ஆபத்து என்கிறேன். அதைச் சமாளிப்பது உங்கள் ஒருவரின் மன உறுதியை மட்டும் சார்ந்ததாக இருக்கக் கூடாது. பணிச்சுமையை அளவோடு வைப்பதும், முறையான மேற்பார்வை (மூத்த பணியாளரோடு அமர்ந்து பணியைப் பற்றிப் பேசும் வாய்ப்பு) அளிப்பதும் அமைப்பின் கடமை. அந்தக் காட்சிகள் வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தைக் கெடுத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திராமல், அடுத்த மேற்பார்வைச் சந்திப்பிலேயே இதைச் சொல்லுங்கள். அப்படியொரு சந்திப்பு உங்கள் அமைப்பில் நடப்பதில்லை என்றால், அதை ஏற்படுத்தும்படி சக பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள்.