சாங்கர் சீக்வென்சிங் (டிஎன்ஏ-வின் எழுத்து வரிசையை வாசிக்கும் முறை): டிஎன்ஏ டியூப்பை அனுப்பும் முன் கேட்கப்படும் சில கேள்விகள்

நானோடிராப்பில் (ஒளி உறிஞ்சுதலை வைத்து டிஎன்ஏ-வை அளக்கும் கருவி) மைக்ரோலிட்டருக்கு 120 நானோகிராம், 260/280 விகிதம் (அந்த இரு நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சப்படும் அளவுகளின் விகிதம்) 1.8. இருந்தும் இரண்டு முறை ஃபெயில் ஆகிவிட்டது. ஏன்?

260/230 எவ்வளவு என்று எழுதவே இல்லையே! அது 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 1-க்கும் கீழே போனால் கிட்டில் உள்ள குவானிடின் உப்போ ஃபீனாலோ கூடவே வந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். வாஷ் முடிந்ததும் வெறுமனே ஒரு நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எத்தனாலை விரட்டினீர்களா? அப்புறம், 260-ல் ஒளியை உறிஞ்சும் எதுவானாலும் நானோடிராப்புக்கு ஒன்றுதான். ஆர்என்ஏ, மிச்சமிருக்கும் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த 120-ஐக் காட்டும். கியூபிட் (டிஎன்ஏ-வோடு ஒட்டி ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் கருவி) இருந்தால் அதில் அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் 2 மைக்ரோலிட்டரை ஜெல்லில் ஓட்டி, அளவு தெரிந்த டிஎன்ஏ துண்டுகளின் கலவையான லேடரோடு ஒப்பிடுங்கள். ஜெல் பார்க்காமல் நான் ஒரு டியூப்பைக்கூட அனுப்புவதில்லை.

டிஇ பஃபரில் (டிரிஸும் ஈடிடிஏ-வும் சேர்ந்த கரைசல்) டிஎன்ஏ-வை எலூட் செய்து, அதாவது கழுவி வெளியே எடுத்து, அனுப்பலாமா?

வேண்டாம். அதிலுள்ள ஈடிடிஏ, டிஎன்ஏ-வை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைமுக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் அல்லது 10 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8.5 போதும்.

பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) முடிந்ததை அப்படியே அனுப்பினால் என்ன? ஃபார்வர்ட், ரிவர்ஸ் இரண்டு பிரைமரும் அதிலேயே இருக்கிறதே?

இருப்பதுதான் தொல்லை. சாங்கர் முறையில் ஒரு டியூப்புக்கு ஒரே பிரைமர்தான். இரண்டும் இருந்தால் இரு முனையிலிருந்தும் வாசிப்பு கிளம்பி, ஒவ்வொரு எழுத்தையும் காட்டும் பீக் மேல் பீக் ஏறி, எந்த எழுத்து எது என்றே தெரியாமல் போகும் (ஆரம்பத்தில் நானும் இப்படி அனுப்பிவிட்டு மெஷினைத் திட்டியவன்தான்). ஜெல்லில் ஒரே பேண்ட் (டிஎன்ஏ கோடு) என்றால் எக்சோசாப் (மிச்ச பிரைமரை அழிக்கும் என்சைம் கலவை) போட்டு 37 டிகிரியில் 15 நிமிடம், 80-ல் 15 நிமிடம் வையுங்கள், வேலை முடிந்தது. இரண்டு பேண்ட் தெரிந்தால் வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், ஆனால் யூவி வெளிச்சத்தில் ஜெல்லை வைத்துக்கொண்டு அரட்டை அடிக்காதீர்கள், டிஎன்ஏ கெட்டுவிடும். அளவையும் அள்ளிப் போடக் கூடாது: 500 முதல் 1000 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்துக்கு ஒரு ரியாக்‌ஷனுக்கு 5 முதல் 20 நானோகிராம் போதும். கூடினால் தொடக்கத்தில் சிக்னல் எகிறி, பாதி வழியிலேயே படுத்துவிடும்.

மா இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏ பழுப்பாக இருக்கிறது. பிசிஆரே வரவில்லை.

இலையிலுள்ள பாலிஃபீனாலின் வேலை, அது பிசிஆரைத் தடுக்கும். முற்றிய இலையை விட்டுவிட்டு இளந்தளிரை எடுங்கள், சிடிஏபி பஃபரில் (செடியிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் கரைசல்) பாலிஃபீனாலைக் கட்டுப்படுத்தும் பிவிபி-யும் பீட்டா மெர்காப்டோ எத்தனாலும் சேருங்கள். இப்போது கையில் இருப்பதைக் கொட்ட வேண்டாம், பத்து மடங்கு நீர்த்து ஒரு பிசிஆர் போட்டுப் பாருங்கள். டிஎன்ஏ குறைந்தாலும் தடுக்கும் பொருளும் சேர்ந்து குறைவதால் பல நேரம் பேண்ட் வந்துவிடும்.

கூரியரில் ஐஸ் வைக்க வேண்டுமா?

சுத்தம் செய்த டிஎன்ஏ என்றால் இரண்டு மூன்று நாளுக்குத் தேவையில்லை. மூடியைப் பாராஃபில்மால் சுற்றுங்கள், பெயரைச் சின்னதாக, ஆல்கஹால் பட்டால் அழியாத பேனாவில் எழுதுங்கள்.

எனக்கு வேண்டிய மியூட்டேஷன் பிரைமரிலிருந்து 25 பேஸ் தள்ளி இருக்கிறது. தெரியுமா?

நம்பாதீர்கள். முதல் 30, 40 எழுத்துகள் பெரும்பாலும் குழம்பித்தான் வரும். 100 பேஸாவது தள்ளி இன்னொரு பிரைமர் போடுங்கள், அதற்கு இடமில்லை என்றால் எதிர்ப்பக்க பிரைமரால் வாசியுங்கள், 700 பேஸ் வரை தெளிவாகவே வரும்.